பீக்கருக்கு ஆகாத தண்ணீர்

“ஆய்வகக் கேனில் அசுத்தமான தண்ணீரை ஊற்றி ஆராய்ச்சிக்குக் கேடு விளைவித்ததற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.” இந்த வரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேடு விளைந்ததாகச் சொல்லப்பட்ட ஆராய்ச்சி என்னுடையது. மெமோவை வாங்கியவர் எங்கள் வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர் அக்கா. எழுதியவர் என் கைடு. துறைத் தலைவரும் அவரேதான். அக்கா தற்காலிகப் பணியாளர். ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரி புதுப்பித்தால்தான் அவருக்கு வேலை. கோப்பில் ஒரு மெமோ ஏறிவிட்டால் அடுத்த ஜூன் கிடையாது. இது மெமோவில் கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும், வாங்கிக்கொண்டவருக்கும் தெரியும், பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற எனக்கும் தெரியும்.

நான் அப்போது கோவில்பட்டிக்கு வெளியே இருக்கிற அந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். வகுப்பு முடிந்த நேரத்தில் ஆய்வு மாணவி. என் வேலை தாமிர அணைவுச் சேர்மங்கள். தாமிர நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, நானே ஒரு வருடம் பாடுபட்டுத் தயாரித்த கரிமப்பொருளைச் சேர்த்து, துளை போட்ட தாளால் பீக்கரின் வாயை மூடி, ஆடாமல் அசையாமல் வைக்கவேண்டும். தண்ணீர் மெல்ல மெல்ல வற்ற, அடியில் படிகம் வளரும். சொல்வதற்கு சுலபம். எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் மெல்ல வற்றுவதாவது! காலையில் வைத்தால் சாயங்காலம் பொடிதான் மிஞ்சும். புத்தகம் எழுதியவர்கள் எல்லாரும் குளிர்ந்த ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. கரிசல் காட்டு வெயிலுக்கு ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

பீக்கரை ஒரு பழைய தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சுற்றி ஈரச் சாக்கைப் போட்டேன். காலையும் மாலையும் சாக்கை நனைக்கிற வேலையை நான் கேட்காமலே அக்கா எடுத்துக்கொண்டார். “உள்ள என்ன மேடம் வளருது, பிள்ளையா?” என்று கேலி செய்வார். ஆனால் பெட்டிப் பக்கம் மாணவர்கள் யாரும் போனால் அவருடைய அதட்டல் மாடிவரை கேட்கும்.

நீலப் படிகம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். இருபது நாள் கழித்துத் திறந்தால் பச்சை. மிளகாய் விதை அளவில், பட்டை தீட்டிய மாதிரி, ஏழெட்டுப் படிகங்கள். நான் கத்திய கத்தலில் அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் நான் கேன்டீனில் பஜ்ஜி வாங்கினேன்.

காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்பதால், வளர்ந்த கரைசலிலேயே மூழ்கவைத்து, வெளியூரில் எக்ஸ் கதிர்க் கருவி இருக்கிற ஓர் ஆய்வு நிறுவனத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து மெயிலில் விவரம் வந்தது. படத்தைத் திறந்தேன். நடுவில் தாமிரம். என் கரிமப்பொருளின் இரண்டு மூலக்கூறுகள் நான்கு நைட்ரஜன்களால் அதைக் கவ்வியிருந்தன. ஐந்தாவது இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே குளோரின் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வெளியே நின்றபடி தன் ஹைட்ரஜன் ஒன்றை அந்தக் குளோரின் பக்கமும் இன்னொன்றை நைட்ரேட்டின் பக்கமும் நீட்டி, இரண்டையும் இழுத்துப் பிடித்திருந்தது. இதைத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறோம். ஒன்றொன்றாகப் பார்த்தால் பலமே இல்லாத பிணைப்பு. ஆனால் அதை எடுத்துவிட்டால் அந்தப் படிகமே இல்லை.

எக்ஸ் கதிருக்கு எலக்ட்ரான்தான் கண்ணில் படும். ஹைட்ரஜனுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதனால் பல பேர் அதைத் தேடவே மாட்டார்கள். கணக்குப் போட்டு, இங்கேதான் இருக்கும் என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் விடவில்லை. இரண்டு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எலக்ட்ரான் வரைபடத்தில் இருக்கிற சின்னச் சின்ன மேடுகளைச் சலித்து, அந்தத் தண்ணீரின் இரண்டு ஹைட்ரஜனையும் கண்டுபிடித்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. ஆனால் பதினேழு எலக்ட்ரானோடு கல் மாதிரி உட்கார்ந்திருந்த குளோரின் எங்கிருந்து வந்தது என்று நான் சரியாக யோசிக்கவில்லை. கைடிடம் கேட்டேன். “அதிர்ஷ்டம்மா. எழுதி அனுப்பு” என்றார். எழுதி அனுப்பினோம்.

கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நீங்கள் பயன்படுத்தியது நைட்ரேட், கரிமப்பொருளிலும் குளோரின் இல்லை, அப்படியானால் குளோரைடு எங்கிருந்து வந்தது?

கைடு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். “இதுக்குப் போயி ஏம்மா இவ்வளவு யோசிக்கே? சோடியம் குளோரைடு கொஞ்சம் சேர்த்தோம்னு ஒரு வரி போட்டுட்டுப் போ.”

“சேர்க்கலையே சார்.”

“யாரு வந்து பாக்கப் போறா?”

எனக்கு மனசு ஒப்பவில்லை. குறைந்தபட்சம் செய்து பார்த்துவிட்டாவது எழுதலாம் என்று உப்பைத் தாராளமாகவே கரைத்துச் சேர்த்தேன். பச்சை வந்தது, ஆனால் வெறும் பொடி. படிகம் வரவில்லை. பழைய முறையிலேயே திரும்பச் செய்தேன். நீலம் வந்தது. நான்கு முறை செய்தேன், நான்கு முறையும் நீலம். இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்ய முடியாவிட்டால் அது வேதியியலே இல்லை. நான் செய்ததை என்னாலேயே திரும்பச் செய்ய முடியவில்லை. மூன்று வருட உழைப்பு மோசடி என்று பெயர் வாங்கப்போகிறது என்று பயந்துபோய், கழுவுதொட்டிப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தேன். அக்கா வந்து என்னவென்று கேட்டார். புரிகிறதோ இல்லையோ, யாரிடமாவது சொன்னால் போதும் என்று சொன்னேன்.

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “தண்ணி மாறிப்போச்சுல்லா மேடம்” என்றார்.

“என்ன தண்ணி?”

“டிஸ்டில்டு வாட்டர் மெஷினு ரிப்பேராக் கெடந்துச்சுல்லா மூணு மாசம். பெரிய சாருட்ட கேட்டேன். எதையாவது ஊத்தி நிரப்பி வையின்னாவ. காலேஜ் போர் தண்ணிய வாயில வைக்க முடியுமா? அதப் போயி ஆராய்ச்சிக்கு ஊத்தவா? தங்கச்சி வீட்டுல குழாத்தண்ணி அவளுக்கே காணாது. அதான் திங்கக்கிழமை திங்கக்கிழமை ஊருலருந்து வரும்போது நாங்க குடிக்க தண்ணிய ஒரு கேன் எடுத்துக்கிட்டு வந்தேன். பொறவு மெஷினு சரியாயிட்டு. இப்ப அந்தத் தண்ணிதான்.”

அக்காவுக்கு விளாத்திகுளம் தாண்டி குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். வாரத்தில் ஐந்து நாள் கோவில்பட்டியில் தங்கை வீட்டில் இருந்து வேலைக்கு வருவார்; சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புவார். இரண்டு பஸ் மாறவேண்டும். அந்த இரண்டு பஸ்ஸிலும் ஐந்து லிட்டர் கேனை மடியில் வைத்துக்கொண்டு, ஊருணிக் கரைக் கிணற்றில் இறைத்த தண்ணீரை, எங்கள் ஆய்வகத்துக்காக இவர் சுமந்து வந்திருக்கிறார். அவரிடம் இருந்ததிலேயே மேலான தண்ணீர் அது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கொண்டுவந்த கடைசிக் கேனின் அடியில் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன். தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டது. குளோரைடு! மதிப்பீட்டாளரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும். புத்தி இருந்திருந்தால் முதலில் அந்தத் தண்ணீரை வாங்கி வந்து படிகத்தைத் திரும்ப வளர்த்திருப்பேன். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் நேரே கைடிடம் ஓடினேன். அக்கா சொன்ன ‘பெரிய சார்’ அவரேதான் என்பதுகூட உறைக்காமல், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் முகம் மாறிய விதத்தை அப்போது நான் கவனிக்கவில்லை. உண்மையை எழுதினால் எங்கள் துறையில் மூன்று மாதம் உப்பு நீக்கிய வடிநீர் இல்லை என்பதையும் எழுதவேண்டும். அது முதல்வரிடம் போகும். கருவியைச் சரிசெய்யச் சொல்லி நான் மூன்று கடிதம் எழுதியிருந்தேன். கேன் எப்போதும் நிறைந்தே இருந்ததால், வடிநீரை வெளியே வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றிலும் ‘பார்த்தேன்’ என்று தேதியோடு அவர் சுருக்கொப்பம் இருந்தது. பார்த்தார், அவ்வளவுதான். பார்த்துவிட்டு இழுப்பறையில் போட்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று மெமோ. இன்னொன்று நான் எழுதியதாக அவரே டைப் அடித்த புகார். கீழே ‘பாதிக்கப்பட்ட ஆய்வு மாணவி’ என்று போட்டு இடம் விட்டிருந்தது. அந்தத் தாள்களுக்குப் பக்கத்திலேயே, பட்டத்துக்கு அனுப்பவேண்டி மூன்று வாரமாக அவர் கையெழுத்துக்குக் காத்திருந்த என் ஆய்வுச் சுருக்கம். மிரட்டினார் என்று சொல்லமாட்டேன். மிரட்டவே இல்லை. சுருக்கத்தை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினார், பேனாவை என் பக்கம் நீட்டினார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

இதை எழுதுகிறபோதும் கை கூசுகிறது. அவர் மேல் வருகிற கோபத்தில் பாதிக்குமேல் என் மேல்தான் வருகிறது. படித்தவள், பெண் பிள்ளைகளுக்கு மேடையில் தைரியம் பற்றிப் பேசுகிறவள். வாரா வாரம் எனக்காகத் தண்ணீர் சுமந்தவரின் வேலையை ஒரு கையெழுத்தில் விற்றேன். அதுவும் சுருக்கொப்பம் இல்லை. தலைப்பெழுத்தோடு, பெயரைக் குண்டு குண்டாக எழுதினேன். அவர் என் சுருக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நன்றி சார் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா மெமோவை வாங்கிப் படித்தார், மடித்துப் பைக்குள் வைத்தார். புகாரின் ஜெராக்ஸையும் மெமோவோடு கொடுத்து, என் கையெழுத்தை அவருக்குக் காட்டியிருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலச் சாக்கை நனைத்தார். உள்ளே என்ன வளர்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நான் சமாளித்திருப்பேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். அவர் வீட்டுக்குப் போக முகம் இல்லை. ஊருணிக் கரையில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வாளியை வாங்கி நானே இறைத்தேன். தாகத்துக்கு ஒரு வாய் குடித்தேன். தொண்டையில் இறங்கும்போதே கரித்தது. “எங்களுக்கு இதுதான் பழகிப்போச்சு” என்று அந்தப் பெண் சிரித்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் நினைப்பெல்லாம் படிகத்தில் இருந்தது. இரண்டு கேன் நிரப்பிக்கொண்டு திரும்பினேன்.

இந்த முறை பதினெட்டு நாளில் வந்தது. பச்சை. அதே மிளகாய் விதை. இரண்டாவது பீக்கரிலும் பச்சை. நான் கத்தவில்லை. இரண்டு சீசாக்களை எடுத்து, ஒன்றில் வடிநீரில் வளர்ந்த நீலத்தையும் ஒன்றில் ஊர்த் தண்ணீரில் வளர்ந்த பச்சையையும் போட்டேன். என் மூன்று கடிதங்களின் நகலையும் எடுத்துக்கொண்டேன். புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதினேன். கைடைக் கேட்காமல் முதல்வர் அறைக்குள் நுழைந்தேன்.

முதல்வர் கைடையும் அக்காவையும் வரச்சொன்னார். அறையில் நாலு நாற்காலி காலியாகக் கிடந்தன. நானும் கைடும் உட்கார்ந்தோம். அக்கா நின்றார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவமானம், நானும் சொல்லவில்லை.

“அப்போ உங்க ஆராய்ச்சிக்குக் கேடு எதுவும் இல்லையா?” என்று முதல்வர் கேட்டார்.

“இல்லை சார். இந்தத் தண்ணி இல்லாட்டி இந்தப் படிகமே இல்லை. அந்தத் தண்ணியில இருந்த குளோரைடு தாமிரத்துல உக்காந்திருக்கு. தண்ணியும் அதைப் பிடிச்சிக்கிட்டு உள்ளயே இருக்கு. கட்டுரையில அப்படித்தான் எழுதப்போறேன். எந்த மாதிரி கிணத்துத் தண்ணின்னும் எழுதுவேன்.”

கடிதங்களைப் பார்த்தார். சுருக்கொப்பங்களைப் பார்த்தார். கைடு ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் முதல்வர், மெமோவை ரத்து செய்துவிடலாம், இதை இத்தோடு விட்டுவிடுவோம் என்றார். ஒருவர் வேலை போகவிருந்தது, இத்தோடு விட்டுவிடுவோமாம்! ஒரு மன்னிப்பு, ஒரு வருத்தம், ஒன்றும் கிடையாது. பூசி மெழுகி முடித்தாயிற்று.

கைடு அக்காவிடம் கை நீட்டினார். “அந்த மெமோ ஒரிஜினலக் கொடுத்துரும்மா. கிழிச்சிருவோம். ஒனக்கும் நல்லது.”

“அதத் தர மாட்டேன் சார்” என்றார் அக்கா.

கையைப் பிடித்து இழுக்கலாமா என்று பார்த்தேன். ஜூனுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

“ஏன் தர மாட்டே? ரத்துன்னு சொல்லியாச்சுல்லா?”

“சார், கேனுல நான் ஊத்துனது நாங்க குடிக்க தண்ணி. நானும் எம்பிள்ளையளும் எங்க ஊரும் குடிக்க தண்ணி. அத அசுத்தமான தண்ணின்னு நீங்க எழுதி, கையெழுத்துப் போட்டு, காலேஜ் சீலும் வச்சிருக்கிய. எத்தன வருசமா மனுக் கொடுக்கோம். தண்ணி கரிக்கின்னு சொன்னா, எல்லா ஊருலயும் அப்படித்தான்னு அனுப்பிருதாவ. படிச்சவுக ஒருத்தரும் எழுதித் தரல. நீங்கதான் எழுதித் தந்திருக்கிய. இத எப்படி சார் கிழிக்க?”

அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. நான்தான் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தேன். ஒரு பீக்கருக்கு அந்தத் தண்ணீர் ஆகவில்லை என்றதும் மெமோ, விளக்கம், மூன்று நாள் கெடு, விசாரணை. ஓர் ஊரே அதைக் குடிக்கிறது, அதற்கு ஒரு துண்டுத் தாள் இல்லை. நான் மட்டும் என்ன? சில்வர் நைட்ரேட்டை விட்டேன், தயிர் மாதிரித் திரண்டதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். கிணற்றடியில் நின்று குடித்தே பார்த்தேன். ஒரு தண்ணீர் மூலக்கூறின் இரண்டு ஹைட்ரஜனைத் தேடி இரண்டு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவளுக்கு, அந்தத் தண்ணீரைக் குடங்களில் சுமக்கிறவர்கள் கண்ணில் படவில்லை.

முதல்வர், ஒரிஜினல் இல்லாமலே கோப்பை முடித்துவிடலாம் என்றார். ஜூனில் அக்காவுக்குப் புதுப்பிப்பு வந்தது. அதற்கும் கைடு முனகிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார் என்று கேள்வி.

கட்டுரை வெளிவந்தது. செய்முறைப் பகுதியில் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. நன்றிப் பகுதியில் அக்காவின் பெயரைப் போட்டேன். கைடு அடித்தார், நான் திரும்பப் போட்டேன், திரும்ப அடித்தார், அனுப்புகிற நேரத்தில் திரும்பப் போட்டு அனுப்பினேன். அச்சில் இருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்து அக்காவிடம் காட்டினேன். படிகத்தின் படத்தைக் காட்டி, இதுதான் உங்கள் ஊர்த் தண்ணீர், இதுதான் அதில் இருந்த குளோரைடு என்று விரலை வைத்துச் சொன்னேன்.

அவர் படத்தைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. அந்தத் தண்ணியில எம்புட்டு உப்பு இருக்குன்னு ஒங்களால அளந்து சொல்ல முடியுமா?”

“முடியும் அக்கா.”

“அப்ப ஏன் இன்னும் அளக்கல?”

அன்று சாயங்காலமே அளந்தேன். குடிநீருக்கு விதித்திருக்கிற அளவைவிட நன்றாகவே கூடுதல். குளோரைடோடு நிறுத்தாமல், எங்கள் ஆய்வகத்தில் அளக்க முடிந்ததையெல்லாம் அளந்து ஒரு தாளில் எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். அக்கா லீவு போட்டுவிட்டு ஊர்ப் பெண்களோடு போவதாக இருந்தார். வெள்ளிக்கிழமை மாலை, பீக்கர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி என் மேஜைக்கு வந்தார். மனுவை வைத்தார். பின்னால் என் அளவுத் தாளைக் குத்தியிருந்தார். அதற்கும் பின்னால் மெமோ, மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்து. எல்லாவற்றுக்கும் பின்னால், நான் மறந்தே போயிருந்த அந்தப் புகாரின் ஜெராக்ஸ். கீழே என் பெயர், குண்டு குண்டாக.

“இதையுமா அக்கா சேர்க்கணும்?”

“பொறவு? மெமோ எதுக்குன்னு கேப்பாவல்லா?” அளவுத் தாளின் அடியில் விரலை வைத்தார். “இங்கன போடுங்க.”

நான் பேனாவை எடுத்தேன். அவசரத்தில் கை தானாகச் சுருக்கொப்பம் போடப் போனது.

“மேடம்” என்றார் அக்கா. “அதுல முழுப் பேரும் எழுதியிருந்திய.”